கைக்கெட்டாத கத்தரிக்கோல்

“குளோரி... ஓடி வாடி!”

அம்மாவின் குரல் அப்படி நடுங்கி குளோரியா கேட்டதே இல்லை. வாயில் பிரஷ்ஷோடு ஓடினாள்.

தையல் மெஷின் முன்னால் அம்மா பாதி எழுந்து, பாதி எழாமல் வளைந்து நின்றாள். இரண்டு கைகளும் மெஷினை இறுக்கிப் பிடித்திருந்தன.

“நிமிர முடியலடி. இடுப்பு பூட்டு போட்ட மாதிரி ஆயிடுச்சி.”

“அம்மா கீழ எதையாவது தேடுதா?” என்று கேட்டான் தம்பி டென்சில். ஒன்றாம் வகுப்பு. அவனுக்கு எல்லாமே வேடிக்கை.

யாரும் சிரிக்கவில்லை.

நீலசந்திரா ஏரியாவில் ‘பிரிஜெட் டெய்லர்’ என்றால் அம்மாவைத் தெரியாதவர்கள் கிடையாது. மாதா திருவிழா நெருங்கினால் அந்தச் சின்ன வீடு முழுக்கக் காவி நிறம்தான். காவி உடுத்திச் சிவாஜிநகர் மாதா கோயிலுக்கு நடந்தே போகும் பெண்களுக்கு ரவிக்கை தைத்துத் தைத்து அம்மாவுக்கு நிமிர நேரமிருக்காது.

லாரி ஓட்டப் போன அப்பா வீடு திரும்ப வாரக்கணக்காகும். அதனால் அம்மாவுக்கு ஒத்தாசை பத்து வயது குளோரியாதான். இடது பக்கம் தண்ணீர் பாட்டில். வலது பக்கம் நூல்கண்டு டப்பா. மெஷின் மேலேயே கத்தரிக்கோல், சாப்பாட்டுத் தட்டு.

“நீ எந்திரிக்காதம்மா, நான் எடுத்தாரேன்!” இதுதான் அவள் நாள் முழுக்கச் சொல்லும் வசனம்.

ஆஸ்பத்திரியில் அம்மாவை மல்லாந்து படுக்கச் சொன்னார்கள். படுத்தாள். கால் மட்டும் படுக்கவில்லை. முழங்கால் மேலே தூக்கிக்கொண்டே நின்றது.

“எவ்வளவு நேரம் உக்காந்து தைப்பீங்க?” என்று கேட்டார் டாக்டர்.

“விடிஞ்சா உக்காருவேன். ராத்திரி ஜெபத்துக்குத்தான் எந்திரிப்பேன்.”

“இடுப்புக்கு முன்னாடி, தொடையோட சேர்ற இடத்துல தசை இருக்கும்மா. உக்காந்தே இருந்தா அது சுருங்கி இறுகிடும். நிக்கறப்ப முதுகைப் புடிச்சி முன்னால இழுக்கும். இப்படியே உக்காந்திருந்தா சர்க்கரை, ரத்தக் கொதிப்புன்னு ஒவ்வொண்ணா வந்து சேரும். நடுவுல தண்ணி குடிக்கக்கூட எந்திரிக்க மாட்டீங்களா?”

அம்மாவின் முகத்தில் அந்த வலியிலும் பெருமை.

“எதுக்கு டாக்டர்? என் பொண்ணு எல்லாத்தையும் கைக்கெட்டுற தூரத்துல வெச்சிடுவா. தங்கம்!”

டாக்டர் குளோரியாவைப் பார்த்தார்.

குளோரியா அம்மாவின் தூக்கிய முழங்காலையே பார்த்தாள்.

நானா? நான்தானா?

வலி கொஞ்சம் அடங்கியதும் அம்மா மறுபடி மெஷினில் உட்கார்ந்துவிட்டாள்.

“அடிக்கடி எந்திரிச்சி நடக்கவும், ஒரு காலைப் பின்னால நீட்டி நிக்கவும் சொன்னாரேம்மா.”

“அவரா வந்து தெச்சிக் குடுப்பாரு? இந்த ரவிக்கையோட கைய முடிச்சிட்டு எந்திரிக்கறேன்.”

ஒரு கை முடிந்தது. இன்னொரு கை வந்தது. அப்புறம் கழுத்து. சாயங்காலம் அம்மா பாய்க்குத் தவழ்ந்துதான் போனாள்.

“இந்த வருஷம் நான் கோயிலுக்கு வரலடி. பக்கத்து வீட்டு ஷோபா அக்காகூட நீங்க ரெண்டு பேரும் போங்க.”

சொல்லிவிட்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாதா திருவிழாவுக்கு அம்மா போகாத வருஷமே இல்லை. இப்படிச் சுருங்கிக்கொண்டே போனால் அம்மா கடைசியில் எவ்வளவு சின்னதாகிவிடுவாள்? குளோரியா போர்வையைக் கடித்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் காலை. அம்மா மெஷினில் உட்கார்ந்து இடது கையை நீட்டினாள். பாட்டில் இல்லை. வலது கையை நீட்டினாள். நூலும் இல்லை.

“கத்தரிக்கோலையும் காணோமே! திருடன் புகுந்தானா?”

“கதவுகிட்ட ஆணியில தொங்குதும்மா. நூல் டப்பா சமையல்கட்டு அலமாரியில இருக்கு” என்றாள் குளோரியா.

“எடுத்துக் குடுடி.”

“மாட்டேன்.”

அம்மாவால் நம்ப முடியவில்லை. “இன்னாடி சொன்ன?”

“கத்தரிக்கோலுக்குக் கால் இருந்தா அதுவே வந்திருக்கும்மா” என்றான் டென்சில். அவனுக்கு ஒரு முறைப்பு கிடைத்தது.

“நானே முடியாம கெடக்கறேன். நீயும் இப்படி மாறிட்டியா குளோரி?”

அம்மாவின் கண்ணீர் காவித் துணியில் சொட்டியது. குளோரியாவின் கைகள் தாமாக ஆணிப் பக்கம் போகப் பார்த்தன. முதுகுக்குப் பின்னால் இரண்டையும் கோத்து இறுக்கிக்கொண்டாள்.

அம்மா சுவரைப் பிடித்தாள். எழுந்தாள். திட்டிக்கொண்டே நடந்தாள். ஆணி உயரத்தில் இருந்தது. எட்டினாள். எட்டும்போது வளைந்த உடம்பு கொஞ்சம், ரொம்பக் கொஞ்சம், நிமிர்ந்தது.

“ஸ்ஸ்... ஏசப்பா!”

வந்து உட்கார்ந்தாள். நூல் தீர்ந்தது. மறுபடி எழுந்தாள். மறுபடி திட்டினாள்.

“தங்கமா இருந்த பொண்ணு, கெட்டுப் போச்சே!” என்று ஷோபா அக்கா வாசலிலேயே சொல்லிவிட்டுப் போனாள். குளோரியா தலையைக் குனிந்துகொண்டாள். அன்று முழுக்க அம்மா அவளோடு பேசவில்லை. அடுத்த நாளும் பேசவில்லை.

வலி அப்படியேதான் இருந்தது. இதுவும் தப்பாகப் போய்விட்டால்? ஆனாலும் காலையில் எல்லாவற்றையும் தூரத்தில்தான் வைத்தாள்.

ஒரு நாள் மத்தியானம் பள்ளியிலிருந்து சீக்கிரம் வந்தாள். வாசலில் அம்மா தனியாக நின்றிருந்தாள். கை கதவு நிலையின் மேல் கட்டையில். ஒரு காலை முன்னால் வைத்து, மற்றொன்றைப் பின்னால் நீட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு.

“இன்னாடி பாக்கற? காத்து வாங்கறேன்.”

“நான் ஒண்ணுமே கேக்கலியேம்மா.”

“கேக்காத!”

திருவிழா அன்று மூன்று பேரும் பஸ் ஸ்டாப்புக்குக் கிளம்பினார்கள். எல்லோரையும்போல் சிவாஜிநகர்வரை நடக்க அம்மாவால் முடியாது. தெருமுனைக்குள்ளேயே இரண்டு இடத்தில் நின்றாள். முதுகு இன்னும் லேசாக முன்னால் சாய்ந்துதான் இருந்தது.

பஸ்ஸில் ஜன்னலோரம் ஒரு சீட் காலி.

“கூத்கொள்ளிம்மா, சீட் இதே” என்று கன்னடத்தில் உட்காரச் சொன்னார் பெண் கண்டக்டர்.

குளோரியா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

“பேடா மேடம்” என்று தலையாட்டி மறுத்துவிட்டு, அம்மா கையைத் தூக்கி மேல் கம்பியைப் பிடித்தாள். “நான் நின்னுக்கறேன்.”