சிவப்புத் தோலில் கறுப்புப் புள்ளிகள்

சனிக்கிழமை காலையில் லாமி ஈரச்சாக்கை விலக்கிப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சிவப்புத் தோலில் கறுப்புப் புள்ளிகள். ஒன்றிரண்டு இல்லை, ஒரு கைப்பிடி கடுகை வீசி எறிந்த மாதிரி.

நேற்று மாலை ஒரு புள்ளிகூட இல்லை. அவளே நனைத்தாள், அவளே பலகைமேல் விரித்தாள், அவளே சாக்கைப் போட்டு மூடினாள்.

லாமிக்குப் பதினோரு வயது. கானோ நகரத்தில் தோல் பதனிடும் குழிகளுக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் தெரு. லாமியின் அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர், தோல் வேலை தெரியாது. லாமி பள்ளி விட்டு வந்து ஆசைக்காகச் செய்கிறாள். தெருவில் பாதிப் பிள்ளைகள் அப்படித்தான். போன வருஷம் எல்லாரும் செல்போன் உறை தைத்தார்கள். இந்த வருஷம் அதை யாரும் தொடுவதில்லை. காதில் மாட்டும் பாட்டுக்கருவிக்கு விரல் நீள டப்பி, அதற்குப் பித்தளைப் பொத்தான், அதுதான் இப்போது பேச்சு.

இதற்கெல்லாம் துண்டுத்தோல் போதும். ஆனால் இந்தச் சிவப்பு, ஒரு முழு ஆட்டுத்தோல். இருபது சாவிக்கொத்துப் பட்டை தைத்துக் கொடுத்து, அதற்குப் பதிலாகத் தோல்காரரிடம் கேட்டு வாங்கியது. லாமியின் அக்கா அசாபே திங்கட்கிழமை காலை நர்ஸ் படிப்புக்காக வெளியூர் போகிறாள். அவள் தோளில் மாட்டிக்கொண்டு போக ஒரு பை வேண்டும். அக்காவுக்கு இது தெரியாது. இன்னொரு தோல் கிடையாது. மீதி இருப்பதும் இரண்டே நாள்.

பயறு வடையைக் கடித்துக்கொண்டே கம்போ வந்தான். லாமியோடு சேர்ந்து தைக்கிறவன். தோலைப் பார்த்ததும் அவன் வாய் நின்றது.

"என்ன லாமி இது? தோலுக்கு அம்மை போட்டிருக்கு!"

"சத்தமா பேசாத. அக்கா உள்ள இருக்கா."

கம்போ குனிந்து முகர்ந்து பார்த்தான். "மை. சத்தியமா மை."

அவன் மெதுவாகத் தலையைத் திருப்பிப் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தான். லாமியும் அதே சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து வீட்டில் யகானா இருக்கிறாள். மைதுகுரி என்ற ஊரிலிருந்து மாமா வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. அதிகம் பேசமாட்டாள். தினமும் மரப்பலகையும் மைப்புட்டியுமாக ஓதுகிற பள்ளிக்குப் போவாள். விரல் நுனி எப்போதும் கறுப்பாக இருக்கும். லாமி வீட்டு நுழைவறையில்தான் பிள்ளைகள் தைப்பார்கள். யகானாவும் வந்து ஓரமாக உட்கார்ந்து பார்ப்பாள்.

"எனக்கு அப்பவே தெரியும்," என்றான் கம்போ. "போன வாரம் எட்டு ஊசி இருந்துச்சு. இப்ப ஏழு. அவ வந்ததுக்கு அப்புறம்தானே?"

லாமியிடம் ஊசியைவிடப் பெரிய சாட்சி இருந்தது.

"நேத்து சாயங்காலம் உம்மா கூப்பிட்டாங்கன்னு உள்ள போனேன். திரும்பி வந்தா, அவ இந்தப் பலகைகிட்ட நிக்கிறா. கையில மைப்புட்டி. என்னைப் பார்த்ததும் ஒரு வார்த்தை பேசல, ஓடிட்டா."

"ஓடினாளா? அப்புறம் என்ன யோசனை! வா, போய் ரெண்டுல ஒண்ணு கேட்டுடலாம்."

"இரு. சும்மா கேட்டா இல்லன்னுதான் சொல்லுவா."

அந்த நேரம் வாசலில் நிழல் விழுந்தது. யகானா. தோளில் மரப்பலகை, கையில் மைப்புட்டி.

லாமி சட்டென்று சாக்கை இழுத்துத் தோலை மூடினாள். "இன்னைக்கு வேலை இல்ல. யாரும் உள்ள வரக் கூடாது."

யகானா சாக்கைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கம்போ ஊசிப் பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "ஒண்ணு... ரெண்டு... மூணு..." என்று அவளுக்குக் கேட்கிற மாதிரி எண்ண ஆரம்பித்தான்.

யகானா வாயை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

"பார்த்தியா? திருட்டு முழி," என்றான் கம்போ.

லாமி ஈரத்துணியால் ஒரு புள்ளியைத் தேய்த்துப் பார்த்தாள். புள்ளி போகவில்லை. கடுகாக இருந்தது மிளகானது. லாமிக்கு அழுகை வந்துவிட்டது. துணியைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

"எங்க போற?"

"அவ பின்னால. புட்டியில எவ்வளவு மை குறைஞ்சிருக்குன்னு பாக்கணும்."

யகானா வேகமாக நடந்தாள். லாமி மிளகாய் மூட்டைக்குப் பின்னாலும் ஆட்டோவுக்குப் பின்னாலும் பதுங்கிப் பதுங்கிப் போனாள். வழியில் நின்ற ஒரு கழுதை அவளை மறைத்து உதவி செய்தது. பிறகு அவள் பாவாடையைத் தின்னப் பார்த்தது.

ஓதும் பள்ளி வாசலில் குழாய். யகானா அங்கே நின்று மைப்புட்டியைக் கீழே வைத்தாள். லாமி கழுத்தை நீட்டிப் பார்த்தாள். புட்டியில் கழுத்துவரை மை. ஒரு சொட்டுகூடக் குறைந்ததாகத் தெரியவில்லை.

'வேறு புட்டியாக இருக்கும்,' என்று நினைத்தாள். சந்தேகம் அவ்வளவு சுலபமாக விடுமா?

யகானா பழைய பாடம் எழுதிய பலகையைக் குழாயடியில் பிடித்தாள். ஒரே ஒரு முறை கையால் தடவினாள். எழுத்து முழுக்கக் கரைந்து கறுப்புத் தண்ணீராக ஓடியது. பலகை வெள்ளையானது.

லாமி அங்கேயே நின்றுவிட்டாள்.

கரியும் பிசினும் கலந்த மை. தண்ணீர் பட்டால் ஓடிவிடும். அதனால்தான் அதே பலகையில் தினமும் எழுத முடிகிறது. தோலிலும் தண்ணீர்தான் பட்டது. ஆனால் புள்ளி ஓடவில்லை. பெரிதானது!

அப்படியென்றால் அது மை இல்லை.

லாமி திரும்பி ஓடினாள். வழியில் செருப்பு தைக்கும் பெரியவர் மாலம் சூலேயின் கடை. கடை வாசலில் அவருடைய கறுப்புச் சாயப் பானை. எத்தனையோ தடவை அதைத் தாண்டிப் போயிருக்கிறாள். இன்று எட்டிப் பார்த்தாள். வெல்லத் தண்ணீரில் துருப்பிடித்த ஆணிகள் ஊறிக்கொண்டிருந்தன. கருவேலங்காய் போட்டுப் பதனிட்ட தோலில் அந்தத் தண்ணீரைத் தடவினால் நொடியில் கறுத்துவிடும். தெருவில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. லாமியின் சிவப்புத் தோலும் அப்படிப் பதனிட்டதுதான்.

இரும்பு.

"அல்லாவே," என்றாள் லாமி.

வீட்டுக்கு வந்து வழக்கமான தன் இடத்தில் உட்கார்ந்தாள். பலகையைப் பார்த்தாள். புள்ளிகள் தோல் முழுக்க இல்லை. அவளுக்கு நேரே நெருக்கமாகத் தொடங்கி, விசிறிபோல விரிந்து, பாதித் தோலோடு நின்றுவிட்டன. யாரோ இங்கே உட்கார்ந்து ஊதிய மாதிரி.

"கம்போ, நேத்து சாயங்காலம் நான் என்ன செஞ்சேன்?"

"சைக்கிள் கம்பியை அரத்தால ராவிக் குத்தூசி செஞ்ச. ரொம்பக் கூரா வரணும்னு ஒரு மணி நேரம் ராவின."

"ராவுன தூளை?"

"ஊதின. என் கண்ணுலகூட..." கம்போ நிறுத்தினான். தோலைப் பார்த்தான். லாமியைப் பார்த்தான். "ஐயையோ."

ஒரு துண்டுத்தோலை நனைத்து, கம்பித்தூள் கொஞ்சம் தூவி வைத்தார்கள். கம்போ இரண்டாவது வடையைத் தின்று முடிப்பதற்குள் துண்டுத்தோலில் கறுப்புக் கடுகு முளைத்திருந்தது.

"யாருகிட்டயும் சொல்ல வேண்டாமே," என்றான் கம்போ மெதுவாக. "அவகிட்ட நாம ஒண்ணும் கேக்கலையே."

"கேக்கல. ஆனா நீ ஊசி எண்ணின. நான் வாசல்ல நிறுத்தினேன்."

மதியம் யகானா திரும்பி வந்தபோது லாமி அவள் வீட்டு வாசலில் காத்திருந்தாள்.

"தோல் கெட்டுப்போச்சு. நீ மை ஊத்தினேன்னு நெனச்சேன். நீ இல்ல. நான்தான் கெடுத்தேன்."

யகானா பலகையை இறக்கி வைத்தாள். "தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீ நெனச்சது. மிளகாய் மூட்டைக்குப் பின்னால உன் தலை தெரிஞ்சுது. கழுதை உன் பாவாடையைத் தின்னப் பார்த்ததும் தெரிஞ்சுது."

லாமிக்குக் காது சுட்டது. "அப்ப நேத்து ஏன் ஓடின?"

"ஆடு."

"ஆடா?"

"உங்க வீட்டு ஆடு உள்ள வந்து தோலை நக்குச்சு. விரட்டினதும் வெளிய பாஞ்சுது. பின்னாலயே ஓடினேன். தெருக்கோடி வரைக்கும். காலையில சொல்லத்தான் வந்தேன்."

"அந்தத் தோல் ஆட்டுக்கு அத்தையோ என்னமோ," என்றான் பின்னால் வந்த கம்போ. யகானா சிரிக்கவில்லை. அவன் பக்கம் திரும்பவும் இல்லை.

"என்மேல கோபம்தானே?" என்று கேட்டாள் லாமி.

"ஆமா."

"எவ்வளவு நாளைக்கு?"

யகானா யோசித்தாள். "தோலைக் காட்டு. பார்த்துட்டுச் சொல்றேன்."

நுழைவறையில் மூன்று பேரும் தோலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். புள்ளியில்லாத பாதியில் பை வெட்டலாம் என்றால் போதவில்லை. லாமி கையால் அளந்து அளந்து பார்த்தாள். பிறகு அரத்தையே வெறித்துப் பார்த்தாள்.

"பாதியில புள்ளி இருந்தா கெட்ட தோல்," என்றாள். "முழுக்க இருந்தா?"

"முழுக்கக் கெட்ட தோல்," என்றான் கம்போ.

"கினிக்கோழி," என்றாள் யகானா.

லாமி அவளை நிமிர்ந்து பார்த்தாள். "கினிக்கோழிதான்! அதுக்கு உடம்பு முழுக்கப் புள்ளி!"

லாமி மறு பாதியை நனைத்தாள். கம்பியை ராவித் தூளை உள்ளங்கையில் எடுத்து, இந்த முறை வேண்டுமென்றே ஊதினாள். பிறகு ஒரு கிண்ணத்தோடு மாலம் சூலேயிடம் ஓடினாள்.

"கறுப்புச் சாயம் கொஞ்சம் தாங்க, மாலம்."

"எதுக்கு? அந்த நல்ல சிவப்புத் தோலைக் கெடுக்கவா?"

"அதெல்லாம் நேத்தே கெடுத்தாச்சு."

அவர் சிரித்துக்கொண்டே ஊற்றிக் கொடுத்தார்.

யகானா தன் நாணல் பேனாவை அந்தச் சாயத்தில் தொட்டாள். தினமும் பலகையில் எழுதிப் பழகிய கை, நடுங்கவே இல்லை. புள்ளிகளைச் சுற்றி மெல்லிய வளைவுகள் போட்டாள். ஒவ்வொரு வளைவும் ஓர் இறகு ஆனது. ஆனால் கம்போ தும்மியபோது மட்டும் ஓர் இறகு கோணலானது.

மறுநாள் முழுக்கத் தையல். சைக்கிள் கம்பிக் குத்தூசி கூராகத்தான் இருந்தது. லாமி துளை போட்டாள். ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்தாள். கம்போ நூலுக்குத் தேன்மெழுகு தேய்த்தான். தேய்க்கும்போது தொப்பி கண்ணில் விழ, தள்ளிவிட்டுக்கொண்டான்.

"அசையாத," என்றாள் யகானா. அவன் தொப்பியின் பூவேலைக்குள்ளிருந்து எதையோ உருவி எடுத்தாள்.

ஊசி.

கம்போவின் கை அப்படியே நின்றது. போன வாரம் தைக்கும்போது அவனே அங்கே குத்தி வைத்திருக்கிறான். ஒரு வாரமாக அதைத் தலையில் வைத்துக்கொண்டு தெருவெல்லாம் தேடியிருக்கிறான்.

"எட்டு," என்றாள் யகானா. அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தாள்.

"நான்... வந்து... பத்திரமா இருக்கட்டும்னு..." என்றான் கம்போ. பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "மன்னிச்சுக்க," என்றான்.

திங்கட்கிழமை காலை பஸ் நிலையத்தில் அசாபே பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எந்தக் கடையில லாமி இது? இப்படி ஒண்ணு சந்தையில நான் பார்த்ததே இல்லையே. எப்படிப் புள்ளி வெச்சாங்க?"

லாமி யகானாவைப் பார்த்தாள். யகானா வேறெங்கோ பார்த்தாள்.

"அது பெரிய கதை, அக்கா. லீவுக்கு வா, சொல்றேன்."

கிளம்பும் பஸ்ஸின் ஜன்னலில் அந்தச் சிவப்புப் பை தெரிந்தது. கோணல் இறகு வெளிப்பக்கமாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை நுழைவறையில் உட்கார இடமில்லை. காதுக்கருவி டப்பியைப் பற்றி யாரும் பேசவில்லை. தெருப் பிள்ளைகள் எல்லாரும் ஆளுக்கொரு ஈரத்தோலும் அரமுமாக வந்திருந்தார்கள். புழுதிக்காற்றைவிட அதிகமாக இரும்புத்தூள் பறந்தது. யகானா நடுவில் உட்கார்ந்து, நாணல் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு, எல்லார் ஊசியையும் எண்ணி வாங்கிக்கொண்டிருந்தாள்.

"கம்போ," என்றாள். "தொப்பியைக் கழட்டு."

கம்போ மறுபேச்சில்லாமல் கழற்றிக் கொடுத்தான்.