லோரி போன பிறகு

பள்ளிக்கூட லோரி ஹார்ன் அடித்துவிட்டுப் போய் வெகுநேரம் ஆன பிறகு, கதவுக்கு வெளியே வேலாயியின் குரல் கேட்டது.

"சுசீலா, வரலையா?"

சுசீலா பாயில் சுருண்டு கிடந்தாள். அம்மா பால்மரம் சீவப் போயிருந்தாள். தோட்டத்து லய வீடுகளில் வேறு ஆளில்லை. புளித்த ரப்பர்ப்பால் நாற்றமும், ஈர விறகின் புகையும், வெயிலேறிய தகரக் கூரை அவ்வப்போது நெட்டி முறிக்கும் சத்தமும் மட்டும் அவளோடு இருந்தன. டவுனில் போலீஸ் நிலையத்துக்கு முன்னால், காட்டில் ஒளிந்திருந்து சுடப்பட்ட கம்யூனிஸ்ட் ஒருவனின் பிணத்தை அடையாளம் காட்டச் சொல்லிப் பலகையில் கிடத்தியிருந்ததை அவள் லோரியிலிருந்து பார்த்துவிட்டாள். அதன்பின் ஹார்ன் கேட்டாலே போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். படிப்பு நின்றுபோனது.

"ஒரு நாளாச்சும் போயிட்டு வாம்மா. அப்புறம் பழகிடும்," என்று அம்மா விடியலில் கெஞ்சியிருந்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

கதவைத் திறந்தாள். சீருடையில் வேலாயி. மழையில்லாத காலையில் அவள் பாவாடை ஓரம் சொட்டிக்கொண்டிருந்தது.

"நீ போகலையா?"

"உனக்காகத்தான் லோரி நிக்குது லா."

தனக்காகத் தோழி திரும்பி வந்திருக்கிறாள். சுசீலாவுக்குக் கண் கலங்கியது. பையை எடுத்தாள்.

முள்வேலி வாசலில் காவலிருந்த இருளாண்டி மாமா, காட்டிலிருப்பவர்களுக்கு அரிசி ஏதும் போகிறதா என்று அவள் பையைத் தடவிப் பார்த்தார். வேலாயி அதற்குள் வேலிக்கு வெளியே நடந்துகொண்டிருந்தாள்.

"தனியாவா போற?"

"முன்னால வேலாயி போறாளே மாமா."

அவர் கண்ணைச் சுருக்கிச் செலண்டாருக்குப் போகும் ரோட்டைப் பார்த்தார். "எங்க?"

சுசீலா நிற்கவில்லை. நின்றால் பயம் திரும்ப வந்துவிடும்.

வளைவுக்கு அப்பால், ரப்பர் மரங்களின் நிழலில் லோரி நின்றது. பிள்ளைகள் வரிசையாக, முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்கள். பேச்சில்லை. இருமலில்லை. ஏறினாள். வேலாயி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஈரக் கை.

ரோட்டில் இன்னொரு லோரி வரும் சத்தம். போலீஸ்காரர்கள் வழி மறித்துத் திருப்பி அனுப்பிய பள்ளிக்கூட லோரி. அதன் ஓரத்திலிருந்து ஒருத்தி எட்டிப் பார்த்தாள்.

வேலாயி.

"ஏய் சுசீலா, மரங்களுக்குள்ள தனியா என்ன பண்ற?"

சுசீலா வாயைத் திறந்தாள். ஈரக் கை அதைப் பொத்தியது.

அந்த லோரி போய்விட்டது. இது நகர்ந்தது. சத்தமில்லாமல். மரங்களுக்குள்.

பிள்ளைகள் மெல்லத் திரும்பினார்கள். எல்லாருக்கும் வேலாயியின் முகம்.