மூடிக்குள் கீறிய தேதி

மூன்று நாளாக ஓட்டவே இல்லை என்றாள் அந்த வீட்டுக்கார அம்மா. வெயில் எட்டிப் பார்க்காத கொட்டகை. ஆனாலும் புல்வெட்டி மெஷினைத் தொட்டதும் மெக்கானிக்கின் உள்ளங்கையில் வெதுவெதுப்பு தட்டியது, காய்ச்சல்காரனின் நெற்றியைத் தொட்டதுபோல.

“வெட்டுதுங்க. தானா நகரத்தான் மாட்டேங்குது. முக்கி முக்கித் தள்ள வேண்டியிருக்கு.”

“சக்கரத்த இழுக்கிற பெல்ட் தேஞ்சிருக்கும்மா. எங்கண்ணன் மாத்தினதுதானே?”

“ஆமா. பத்து நாள் நல்லா இழுத்துச்சு.”

அந்த வேலைக்கு வந்த அண்ணன் வீடு திரும்பவில்லை. அண்ணி அழுதழுது முகம் வீங்கிக் கிடக்கிறாள். பழுது பார்க்கிற சாக்கில் அவரைப் பற்றி ஒரு வார்த்தையாவது கேட்டுப் போகத்தான் இவன் வந்திருந்தான்.

“வேலைய முடிச்சுட்டு அவரு எங்க போனாரு?”

“முதல்ல மெஷினப் பாருங்க தம்பி.”

இன்ஜின் தவறிக்கூட ஓடாதபடி பிளக் வயரைப் பிடுங்கிப்போட்டு, பெல்ட் மூடியின் திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, மூடியைத் தூக்கியபோது நாற்றம் குப்பென்று கிளம்பியது. அழுகிய புல்லும் கிரீஸும் பச்சைக் கூழாக அப்பியிருந்தன. ஸ்க்ரூடிரைவரால் சுரண்டச் சுரண்ட அது எச்சில்போல நூல் நூலாக இழுபட்டது. கூடவே முடி வந்தது. நாய் முடியாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வழித்து ஓரமாக எறிந்தான்.

பெல்ட் மாற்றும்போது மூடியின் உட்புறத்தில் ஆணியால் தேதி கீறுவது மெக்கானிக்குகளின் வழக்கம். துணியால் மூடியைத் துடைத்தான். அண்ணனின் கோணல் எழுத்து. கண் கலங்கியது. பழக்க தோஷத்தில் அதன் கீழே கை இன்றைய தேதியைக் கீறிவிட்டது.

அப்புறம்தான் அண்ணனின் தேதிக்கு மேலே பார்த்தான். ஏழெட்டுத் தேதிகள். ஒவ்வொன்றும் வேறு வேறு கை. ஒருவர்கூட இரண்டாம் முறை கீறவில்லை.

பெல்ட்டைப் பிடித்து இழுத்தான். ரப்பர் இல்லை. பிசுபிசுப்பு. மயிர்க்கால்கள். விரல் பட்டதும் சிலிர்த்தது.

ஓரத்தில் ஒரு தழும்பு. பைக் சைலன்சர் சுட்டது. சின்ன வயதில் அண்ணனின் கையில் அதற்கு மருந்து தடவியவனே இவன்தான்.

கையை விடுவிக்கப் பார்த்தான்; விரல்கள் பிசுபிசுப்பில் ஒட்டிக்கொண்டிருந்தன. பின்னால் கொட்டகைத் தாழ்ப்பாள் விழுந்தது.

“அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் ஒரே அளவு,” என்றாள், அவன் கையையே பார்த்தபடி. “தேதி போட்டுட்டீங்கல்ல?”

பிளக் வயர் தரையில் கிடந்தது. இன்ஜினில் சத்தமே இல்லை.

சக்கரங்கள் சுழன்றன. அண்ணனின் தோல் ஈரமாக, மெதுவாக, அவன் விரல்களையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டு உள்ளே போனது.