பதினொன்று ஐந்து முதல் ஒன்று இருபது வரை

ரங்கநாதரையே கதவைச் சாத்தி உள்ளே வைத்திருந்த ஊரடங்கு நாட்கள் அவை. வடக்கு உத்திர வீதியில் சத்யபாமாவின் வீட்டு வாசலில் ஆபிதா வந்து நின்றபோது காலை ஏழரை மணி. அழைத்து வந்தவர் நஸ்ருல்லா. சிங்காரத்தோப்பில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருப்பவர். கடையை மூடச் சொல்லிவிட்டதால் கையும் மூளையும் சும்மா இருக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார்.

சத்யபாமா இன்சூரன்ஸ் கம்பெனியில் முப்பது வருடம் விசாரணை அதிகாரியாக இருந்தவர். செத்ததாகச் சொல்லப்பட்டவன் உண்மையிலேயே செத்தானா, எரிந்த கடை தானாக எரிந்ததா என்று பார்ப்பதே வேலை. ஓய்வு பெற்றும் பழக்கம் ஓயவில்லை. கருகிய போன் ஒன்றை நோண்டித் தரச் சொல்லி ஒருமுறை நஸ்ருல்லாவிடம் போனார். அன்று ஒட்டிக்கொண்டவர்தான் நஸ்ருல்லா, இன்றுவரை விடவில்லை.

"உட்காருங்கோம்மா. அழறதை அப்புறம் வெச்சுக்கலாம். என்ன நடந்ததோ அதை மட்டும் சொல்லுங்கோ" என்றார் சத்யபாமா.

ஆபிதா முகக்கவசத்தை இறக்காமலேயே சொன்னாள். "எங்க வீட்டுக்காரர் ஆசாத், பாலக்கரையில ஃபேன் காயில் கட்டுறவருங்க. அவரு கொலை பண்ணிட்டாருன்னு புடிச்சுட்டுப் போயி பதினோரு நாளாச்சு. முசிறிக்காரராம், நவநீதன்னு பேராம். வாழைத்தார் லோடு ஏத்திட்டு வந்தவரு. கொள்ளிடக் கரையில அடிபட்டுக் கிடந்தாராம். இவரு அவரைக் கண்ணால பாத்ததே இல்லைங்க."

"பாத்தார்னு போலீஸ் எப்படிச் சொல்றா?"

"நலத்தோழன்தாங்க சொல்லுது."

நலத்தோழன் என்பது அந்த நாட்களில் எல்லோர் போனிலும் இருந்த செயலி. அது இல்லாமல் செக்போஸ்ட்டைத் தாண்ட முடியாது. யாருடைய போன் யாருடைய போன் பக்கத்தில் எவ்வளவு நேரம் இருந்தது என்று குறித்து வைக்கும். ஒருவருக்குத் தொற்று வந்தால் மற்றவர்களுக்கு எச்சரிக்கை அனுப்பும். 'உங்கள் தகவல் சுகாதாரத் துறைக்கு மட்டுமே' என்று முதல் திரையில் கைகூப்பிச் சொல்லும். நவநீதனின் உடலில் தொற்று இருந்தது. அவர் போன் குறித்து வைத்திருந்த பட்டியல் சுகாதாரத் துறைக்குப் போகிற வழியில் போலீஸ் கைக்கும் போனது. எப்படிப் போனது, யார் கேட்டது, யார் கொடுத்தது என்று எந்தக் காகிதத்திலும் இல்லை.

"அன்னிக்கு அவர் எங்கே இருந்தார்?"

"தில்லை நகர்ல ஒரு கிளினிக்ல ஃபேன் ஓடலைன்னு சைக்கிள்ல போனாருங்க. பாஸ் இல்லைன்னு போலீஸ் மறிச்சு போனைப் புடுங்கிக்கிட்டாங்க. சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வந்து வாங்கிக்கன்னாங்க. போயி வாங்கிட்டு வந்தாரு. இப்பக் கேட்டா, நாங்க போனை வாங்கவே இல்லைங்கிறாங்க."

"ரசீது?"

"கேட்டா கேஸு, கேக்காட்டி போனு. அவ்வளவுதாங்க."

எந்த ஸ்டேஷன் என்று வாசகர் கேட்க வேண்டாம். எழுதுகிறவனுக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது.

"ஜெயில்ல பாத்தேளா?"

"இப்ப யாரையும் பாக்க விடறதில்லையேங்க. புடிச்சுட்டுப் போன மறுநாள் ஸ்டேஷனுக்குச் சோறு எடுத்துட்டு ஓடினேன். ஸ்டேஷனே பூட்டிக் கிடந்துச்சு. ஏதோ ஏட்டுக்குக் கொரோனான்னு ப்ளீச்சிங் பவுடர் கொட்டி வெச்சிருந்தாங்க. பக்கத்துக் கல்யாண மண்டபத்துக்கு மாத்திட்டாங்களாம். அங்கேயும் உள்ள விடலைங்க."

சத்யபாமா எதையும் எழுதிக்கொள்ளவில்லை. நஸ்ருல்லா தன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். வக்கீல் பேட்ரிசியா கோர்ட்டிலிருந்து வாங்கித் தந்த நகல், நவநீதனின் போனுக்கான நலத்தோழன் பட்டியல். அன்றைய தேதியில் ஏழு வரிகள், ஏழு போன் நம்பர்கள். ஆசாத்தின் நம்பரைச் சுற்றி மட்டும் சிவப்பு மை.

"மேடம், மத்த ஆறு நம்பருக்கும் அடிச்சுப் பாத்தேன். நவநீதன்னு சொன்னதும் ஆறு பேரும் கட் பண்ணிட்டாங்க. ஆறுல ஒருத்தன்தான் கொலைகாரன், சத்தியமா!" என்றார்.

"அவசரப்படாதீங்கோ. நேரத்தைப் படியுங்கோ."

நஸ்ருல்லா படித்தார். ஐந்து நம்பர்கள் பதினொன்று ஐந்துக்கு ஆரம்பம். இன்னொன்று, பதினொன்று நாற்பதுக்கு. கடைசி ஒன்று, பன்னிரண்டு பத்துக்கு. முடிந்தது மட்டும் ஏழுக்கும் ஒன்று இருபது. தூரம் ஏழிலும் ஒரு அடிக்குள். ஆசாத்தின் வரி, பதினொன்று ஐந்து முதல் ஒன்று இருபது வரை.

"இதுல போலீஸ்காரா நம்பர் ஏதாவது இருக்கா?"

"ஒண்ணுகூட இல்லை மேடம். ஊருக்கெல்லாம் போட வெச்சவங்க, அவங்க போன்ல போடவே இல்லை. என் கடைக்கு வர்ற ஏட்டுங்களே சொல்லிச் சிரிப்பாங்க."

"ரொம்ப சரி" என்றார் சத்யபாமா. முகத்தில் ஒரு சுருக்கமும் மாறவில்லை. ஆனால் ஆறிப்போன காப்பியை அப்படியே ஒதுக்கி வைத்தார். நஸ்ருல்லாவுக்கு அது போதும், அம்மாளுக்கு விடை கிடைத்துவிட்டது.

இரண்டு நாள் கழித்து அதே கல்யாண மண்டபத்தில் கூட்டம். பழைய லாரி மோசடி ஒன்றில் பழக்கமான உதவி ஆணையர் பிரஹலாத், சத்யபாமா கேட்டுக்கொண்டதற்காக வந்திருந்தார். பக்கத்தில் அந்த ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர். எதிரே, பிரஹலாத் வரவழைத்த, பட்டியலிலிருந்த ஆறு பேர். இளநீர் விற்கும் அம்மாசி, துறையூரிலிருந்து மருந்து வாங்க வந்த ஒருவர், இரண்டு கட்டட வேலைக்காரர்கள், மளிகைக்கடை ஆள், ஒரு டியூஷன் வாத்தியார். ஒருபுறம் ஆபிதா. கடைசி நாற்காலியில் முந்தானையால் வாயை மூடியபடி ஒரு பெண். கூட்டிப் பெருக்க வந்தவள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

சத்யபாமா ஆறு பேரையும் ஒரே கேள்விதான் கேட்டார். "அன்னிக்குப் பகல்ல உங்க போன் எங்கே இருந்தது?"

ஆறு பேரும் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார்கள். "என் கையிலதான் இருந்துச்சு" என்றார் அம்மாசி. மற்ற ஐந்து பேரும் ஒரே மாதிரி அதையே சொன்னார்கள். இன்ஸ்பெக்டர் மீசையைத் தடவிக்கொண்டார்.

"நல்லது. சார், எழுதிக்கோங்கோ" என்றார் சத்யபாமா. "ஆசாத்தோட போன் ரெண்டேகால் மணி நேரம் நவநீதன் பக்கத்துல இருந்தது, அதனால அவர் கொலைகாரர்னு எழுதியிருக்கேள். இந்த ஆறு போனும் அதே இடத்துல, அதே ஒரு அடிக்குள்ள இருந்திருக்கு. போன் கையிலேயே இருந்ததுன்னு இவாளே சொல்லியாச்சு. அப்ப ஆறு பேரும் நவநீதனை உரசிண்டு உக்காந்திருக்கா. கொலைக் கேஸ்ல குற்றவாளி ஒருத்தர் இல்லை, ஏழு பேர். இன்னிக்கே உள்ள தள்ளுங்கோ."

நஸ்ருல்லாவே அம்மாளை ஒரு கணம் வெறுத்தார். அன்றாடங்காய்ச்சிகளை இப்படியா மிரட்டுவது?

அம்மாசிதான் முதலில் உடைந்தார். "ஐயோ, என்னைய விட்டுருங்கம்மா! என் போனை இவங்கதான் புடுங்கிட்டுப் போனாங்க. ஸ்டேஷன்ல ரைட்டர் மேசை டிராயர்லதான் போட்டாரு. என் கண்ணால பாத்தேன், நாலஞ்சு போன் அதுல ஏற்கெனவே கிடந்துச்சு!"

பிறகு மடை திறந்துகொண்டது. ஆறு பேர் போனும் அன்று அந்த டிராயரில்தான்.

"இதுக்குத்தான் மிரட்டினேன், மன்னிச்சுக்கோங்கோ" என்று அவர்களைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு சத்யபாமா பிரஹலாதிடம் திரும்பினார். "ஏழு மனுஷா ஒருத்தரைச் சுத்தி ஒரே அடிக்குள்ள உக்கார முடியாது சார். கல்யாணப் பந்தியிலகூட முன்னேபின்னே ஆகும். ரெண்டேகால் மணி நேரம் ஒரு அடிக்குள்ள அசையாம இருக்க மனுஷனால ஆகாது, போனால ஆகும். செயலி மனுஷாளைக் குறிக்கலை, போனைத்தான் குறிச்சுது. பதினொண்ணு அஞ்சுக்கு நவநீதனோட போன் டிராயருக்குள்ள வந்திருக்கு. அப்ப அஞ்சு போன் உள்ளே இருந்தது, அதனாலதான் அஞ்சு வரிக்கு ஒரே ஆரம்பம். ரெண்டு போன் அப்புறம் வந்தது. ஒண்ணு இருபதுக்கு யாரோ நவநீதன் போனை மட்டும் அணைச்சுட்டா."

அவர் குரல் உயரவில்லை. "போன் டிராயர்ல இருந்தா, ஆள் எங்கே இருந்தார்? ஸ்டேஷன்ல. அவரோட தொற்று ஏட்டுக்கு வந்து ஸ்டேஷனையே பூட்டினேளே, அது கொள்ளிடக் கரையிலேர்ந்து காத்துல வந்துதா? அடிச்சவா உங்க ஆட்கள். தூக்கிண்டு போய்க் கரையில போட்டதும் உங்க ஆட்கள். பட்டியலை வெச்சுக் கொலையை விசாரிச்ச தனிப்படைக்கு இது தெரியாது. தெரிஞ்ச இன்ஸ்பெக்டர், ஏழு நம்பர்ல ஒண்ணைச் சுத்தி சிவப்பு மை போட்டுக் குடுத்துட்டார். மத்த ஆறு பேர் பேரைப் போட்டா பேப்பர்காரா ஏன், எதுக்குன்னு கேப்பா. ஆசாத்னு போட்டா கேக்க மாட்டா. கேக்கவும் இல்லை."

இன்ஸ்பெக்டர் எழுந்தார். பிரஹலாத் கையமர்த்தி உட்காரவைத்தார். கடைசி நாற்காலிப் பெண்ணும் எழுந்து நின்றாள்.

"நீங்க யாரும்மா?" என்றார் பிரஹலாத்.

"யமுனாங்க. நவநீதன் சம்சாரம். அந்தம்மாதான் வரச் சொன்னாங்க."

பிரஹலாத் அவளை ஒரு முறை பார்த்துவிட்டு ஆபிதாவிடம் பேசினார். அவர் கத்துகிற ஆள் இல்லை. நஸ்ருல்லாவை அதுதான் பயமுறுத்தியது.

"பாரும்மா, ரெண்டு வழி இருக்கு. இந்த அம்மா சொன்னதை எல்லாம் எழுதி மேலே அனுப்பறேன். விசாரணை வரும், ரெண்டு வருஷமோ மூணு வருஷமோ ஆகும். அதுவரைக்கும் பட்டியல் ஆதாரமா இருக்கும், உன் வீட்டுக்காரர் உள்ளதான் இருப்பார். இல்லைன்னா, செயலியில கோளாறுன்னு சொல்லிப் பட்டியலை வாபஸ் வாங்கறேன். நவநீதன் கொரோனாவுல மயங்கி விழுந்து செத்தார்னு ஃபைல் முடியும். மூணு நாள்ல ஆசாத் வீட்டுல இருப்பார். அன்னிக்கு அவர் வெளியிலயே போகலைன்னு நீ ஒரு கையெழுத்துப் போடணும். இவங்க ஆறு பேரும் போடுவாங்க. எது வேணும்?"

"சார், இது அநியாயம்" என்றார் சத்யபாமா.

"உங்களைக் கேக்கலை மேடம்."

யமுனா ஆபிதாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆபிதா அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"அவரை வீட்டுக்கு அனுப்பிடுங்க சார்" என்றாள்.

வெளியே வந்ததும் சத்யபாமா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"நான் துப்புத் துலக்கலை நஸ்ருல்லா. எதை எதை அழிக்கணும்னு அவாளுக்கு ஒண்ணொண்ணா எடுத்துக் குடுத்திருக்கேன்" என்றார்.

மூன்றாம் நாள் பிரஹலாத் சொன்ன சொல் தவறவில்லை. சிறை வாசலுக்கு ஆட்டோவில் ஆபிதாவும் நஸ்ருல்லாவும் போனார்கள். ஆசாத் பாதியாக இளைத்திருந்தார். வண்டியில் ஏறியதும் வாய் ஓயவில்லை.

"நவநீதன்னு ஒருத்தனை நான் கண்ணால பாத்ததில்லைன்னு எத்தனை தடவை சொன்னேன் அண்ணே! இப்பவாவது நம்பினாங்களே, அல்ஹம்துலில்லாஹ்."

நஸ்ருல்லா தலையாட்டினார். ஆட்டோ ஜங்ஷன் பாலம் ஏறியது.

"ஒண்ணு விசாரிக்கணும் அண்ணே" என்றார் ஆசாத். "அன்னிக்குச் சாயங்காலம் போன் வாங்கப் போனேன்ல, லாக்கப் பக்கத்துலேருந்து ஒரு ஆளு தண்ணி தண்ணின்னு முனகிட்டே இருந்தாரு. முகம் தெரியல. வெளியில பானை இருந்துச்சு, எடுத்துக் குடுக்கலாமான்னு கேட்டேன். போனை எடுத்துட்டுக் கிளம்புடான்னாரு ரைட்டரு. பயந்துக்கிட்டு வந்துட்டேன். உள்ள இருந்த நாளெல்லாம் அந்தக் குரல்தான் காதுல. அவரு யாரு, வீட்டுக்குப் போயிட்டாரா?"

ஆபிதா கணவனின் மணிக்கட்டை இறுகப் பற்றினாள். "நீங்க எந்தக் குரலையும் கேக்கல. அன்னிக்கு நீங்க வீட்டை விட்டு வெளியிலயே போகல."

ஆசாத் புரியாமல் அவளைப் பார்த்தார். பிறகு நஸ்ருல்லாவைப் பார்த்தார்.

"ஆமா ஆசாத்" என்றார் நஸ்ருல்லா. "நீங்க வீட்டுலதான் இருந்தீங்க."