இரண்டாம் பயணி கேட்ட மாதம்

இரண்டாம் பயணியின் கால் அளவு நிரப்பப்பட்டிருந்தது. முப்பத்தெட்டு.

திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் கணினியைத் திறந்ததும் அவள் கண்ணில் பட்டது அதுதான். வடகோடிப் பனிக்கடலுக்குப் போகிறவர்களுக்குக் கப்பல்காரர்களே ரப்பர் பூட்ஸும் கனத்த கோட்டும் கொடுப்பார்கள். அதற்கென்று ஒரு படிவம் உண்டு. மேல் வரிசையில் அவள் தனக்குப் போட்ட முப்பத்தொன்பது அப்படியே இருந்தது. கீழ் வரிசையை அவள் தொடவே இல்லை. தொட வேண்டிய அவசியமும் இல்லை, அப்படி ஒரு ஆளே கிடையாது.

பயண ஏற்பாடு செய்கிறவர்களிடம் இப்படி ஒரு பழக்கம் உண்டு. கப்பல் அறைகள் இரண்டு பேருக்கானவை. ஒற்றை ஆளுக்கு அறை பிடிக்கப் போனால் கணினி அடுத்த பக்கத்துக்கு நகராமல் அடம்பிடிக்கும். அதனால் இரண்டாவது பெயருக்கான கட்டத்தில் வெறும் ஒரு புள்ளியை வைத்து, உறவு என்ற இடத்தில் வாய்க்கு வந்ததைப் போட்டு, அறையைப் பிடித்துவிடுவார்கள். அன்று மாலைக்குள் கப்பல் அலுவலகத்துக்குப் போன் போட்டுப் புள்ளியை எடுக்கச் சொல்லிவிட வேண்டும். இருபது வருடத்தில் எத்தனையோ தனி ஆட்களுக்கு அவள் இப்படிச் செய்து கொடுத்திருக்கிறாள். ஒரு தடவைகூட எடுக்க மறந்ததில்லை.

தனக்குச் செய்தபோதும் மறக்கவில்லை. வேண்டுமென்றேதான் விட்டாள். உறவு என்ற இடத்தில் 'தங்கை' என்று போட்டிருந்தாள். கூடப் பிறந்தவர் என்று அவளுக்கு யாரும் கிடையாது. ஆறு வருடத்துக்கு முன் அம்மாவும் போய்ச் சேர்ந்தபின் அந்த வீட்டில் கேட்கிற ஒரே பேச்சுக்குரல் அவளுடையது, அதுவும் போனில். தன் பெயருக்குக் கீழே அந்தச் சொல்லைப் பார்க்க நன்றாக இருந்தது. இன்னும் ஒரு நாள் இருந்துவிட்டுப் போகட்டும் என்று பத்து நாள் இருக்கவிட்டாள்.

"தம்பி, என் படிவத்துல நீங்க ஏதாவது போட்டீங்களா?"

பக்கத்து மேசையில் விமான டிக்கெட் போடுகிறவன் காதிலிருந்து ஹெட்போனை இறக்கினான். "நான் எதுக்குக்கா தொடறேன். ஏன், புள்ளி பதில் போட்டிருச்சா?"

அவன் சிரித்தான், அவளும் சிரித்து வைத்தாள். எண்ணை அழித்துவிட்டு டீ குடிக்கப் போனாள்.

எந்த மாதம் போகலாம் என்று கேட்டு வருகிறவர்களை ஐந்தே நிமிடத்தில் தெளியவைத்து அனுப்புகிறவள் அவள். ஜூனில் போனால் பனி உடையாமல் இருக்கும், சூரியன் மறையவே மறையாது. ஜூலையில் விலங்குகள் வெளியே வரும். ஆகஸ்டில் கப்பல் உள்ளே தூரம்வரை போகலாம். செப்டம்பரில் இரவு திரும்பிவிடும், வானத்தில் பச்சை வெளிச்சம் ஆடும். அதற்குப் பிறகு கடல் மூடிக்கொள்ளும், ஒரு கப்பலும் போகாது. டிசம்பரில் சூரியன் எழவே எழாது. ஊருக்கெல்லாம் இதை ஒப்பித்தவளுக்குத் தன் முறை வந்தபோது மூன்று வாரம் பிடித்தது. கடைசியில் ஜூன் என்று முடிவு செய்தாள். காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. அம்மா போன நாளிலிருந்து அவளுக்கு இருட்டென்றால் ஆகாது. எல்லா விளக்கையும் போட்டுக்கொண்டுதான் படுப்பாள். இருட்டே இல்லாத இடத்தில் பத்து நாள், விளக்கைப் பற்றிய நினைப்பே இல்லாமல் தூங்க வேண்டும். வாழ்க்கையில் அவள் தனக்கென்று கேட்டுக்கொண்டது அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை பார்த்தபோது பயண மாதம் ஆகஸ்ட் என்று மாறியிருந்தது.

கப்பல் அலுவலகத்துக்குப் போன் போட்டாள். அங்கே இருக்கிற பையன் பழக்கமானவன்தான். குரலில் மட்டும் பழக்கம். "ஆமா மேடம், நேத்து சாயங்காலம் உங்க தங்கச்சி பேசினாங்க. மாதத்தை மாத்தச் சொன்னாங்க."

"எனக்குத் தங்கச்சி இல்லைப்பா. அது சும்மா அறை பிடிக்கப் போட்டது. அந்தப் பெயரை எடுத்துடு."

"எடுக்க முடியாதே மேடம். அவங்க பேசி உறுதி பண்ணிட்டாங்க. இனி அவங்களே சொன்னாத்தான் எடுக்க முடியும்." கொஞ்சம் தயங்கினான். "குரல்கூட உங்க குரல் மாதிரியேதான் இருந்துச்சு. கொஞ்சம் சளி பிடிச்ச மாதிரி. பின்னாடி ஒரே தண்ணிச் சத்தம்."

போனை வைத்தபிறகும் அவள் கை அதன்மேலேயே கிடந்தது. யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். யார் என்று யோசித்துப் பார்த்தால், விளையாடுகிற அளவுக்கு அவளைத் தெரிந்தவர் ஒருவருமில்லை.

அன்று ஐந்து மணிக்கு வீடு திரும்பியபோது படிக்கட்டு முழுக்க வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நாலாவது மாடியில் கதவைத் திறந்து உள்ளே கால் வைத்தால் கூடத்தில் மங்கல். திரையை ஒதுக்கினாள். எதிர்க் கட்டிடத்தின் சுவரில் மஞ்சள் வெயில் பளிச்சென்று இருந்தது, துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தாள், ஆனால் அந்த வெளிச்சம் கண்ணாடிவரை வந்து அங்கேயே நின்றுவிட்டது. நனைந்த கம்பளி வாசம் லேசாக வந்தது. அவள் வீட்டில் கம்பளி எதுவும் கிடையாது.

புதன்கிழமை செப்டம்பர் ஆனது. அன்று நாலு மணிக்கே வீட்டுக்குள் இருட்டிவிட்டது.

வியாழக்கிழமை அவள் பயணத்தையே ரத்து செய்யத் துணிந்தாள். மூன்று வாரம் யோசித்துத் தேர்ந்தெடுத்த ஜூன், இருபது வருட ஆசை, போனால் போகட்டும். அழுகையை விழுங்கிக்கொண்டு போனில் சொன்னாள்.

"ரெண்டு பேரும் சம்மதிக்கணுமே மேடம்," என்றான் பையன். "உங்க தங்கச்சி இப்பதான் பேசினாங்க. டிசம்பருக்கு மாத்தியாச்சு."

"டிசம்பர்ல கப்பலே கிடையாதேப்பா."

"எனக்கும் அதுதான் புரியலை. ஆனா உறுதின்னு வருது." அவன் குரலைத் தாழ்த்தினான். "ரொம்பப் பாசமாப் பேசறாங்க மேடம். அக்கா ஆறு வருஷமா லைட்டைப் போட்டுட்டுத்தான் படுக்கறா, பாவம், அவளுக்கு ஒரு நல்ல தூக்கம் வேணும்னு சொன்னாங்க."

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. டாக்டரிடம்கூட இல்லை.

அன்று அவள் வீட்டுக்குப் போகவில்லை. அலுவலக சோபாவில் இரவைக் கழித்தாள், கண் மூடவில்லை. காலையில் வந்த டிக்கெட்காரன் அவளைப் பார்த்துப் பதறிவிட்டான்.

"என்னக்கா இது, முகமெல்லாம் இப்படி இருக்கு? வீட்டுக்குப் போய் ஒரு குளியல் போட்டுட்டுப் படுங்க. வேணா யாரையாவது துணைக்குக் கூப்பிட்டுக்கங்க."

யாரை என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவாள் என்று தெரியும். பட்டப்பகல் பன்னிரண்டு மணி, வெயில் கொளுத்துகிறது, மாற்றுத்துணி எடுத்துக்கொண்டு ஏதாவது விடுதிக்குப் போய்விடலாம், ஐந்து நிமிட வேலை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனாள்.

வீட்டு வாசலில் ஒரு பெரிய பார்சல் கிடந்தது. கப்பல்காரர்களின் முத்திரை. யாரோ கிழித்திருந்தார்கள். உள்ளே சிவப்புக் கோட்டு ஒன்று, அவள் அளவில். பக்கத்தில் இன்னொரு கோட்டின் பிளாஸ்டிக் உறை மட்டும், காலியாக.

துணியை எடு, வந்துவிடு என்று மனதுக்குள் சொல்லியபடி அவள் கதவைத் திறந்தாள்.

உள்ளே ஒன்றுமே தெரியவில்லை. சுவிட்சைப் போட்டாள். பல்பு எரிந்தது, பல்பு மட்டும்தான் தெரிந்தது, அதை மாட்டியிருக்கிற சுவரோ கீழே இருக்கிற மேசையோ தெரியவில்லை. அடுத்த சுவிட்ச், அதற்கடுத்தது என்று தடவித் தடவி எல்லாவற்றையும் போட்டாள். ஒன்றுக்கொன்று ஒட்டாமல் ஆறு பல்புகள் இருட்டில் நின்றன. திரும்பினாள். தான் திறந்து வந்த கதவு, படிக்கட்டு வெயில், எதுவும் அங்கே இல்லை.

சத்தம் கேட்டது. தடித்த கோட்டுத் துணி ஒன்றோடொன்று உரசுகிற சரசரப்பு. சமையலறைப் பக்கம்.

பிறகு கூடத்தில்.

ஜன்னல் எங்கே என்று கைகளால் துழாவிக்கொண்டே போனாள். விரலில் கண்ணாடி பட்டது. அதற்கு வெளியே, அடியில், தெரு இருந்தது. வெயில் இருந்தது. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். தட்டினாள். கத்தினாள். சைக்கிள்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு போய்க்கொண்டே இருந்தார்.

வாயிலிருந்து புகை வந்தது. அவள் மூச்சுதான்.

சரசரப்பு நின்றது. முதுகுக்குப் பின்னால்.

"யாரு?"

நனைந்த கம்பளி வாசம். உப்பு வாசம். தோள்மீது கனமாக ஏதோ இறங்கியது. கோட்டு. அவள் அளவுக் கோட்டு. யாரோ அவள் வலது கையைப் பிடித்துத் தூக்கி, பொறுமையாகக் கோட்டின் கைக்குள் நுழைத்தார்கள். பிறகு இடது கை. அவள் தடுக்கவில்லை. தடுக்க வேண்டும் என்று நினைத்தாள், கை கேட்கவில்லை. அவளுக்கு ஒருவர் சட்டை மாட்டிவிட்டு எத்தனையோ வருடமாகிவிட்டது.

முன்னால் வந்து நின்றது. அவள் உயரம்தான், ஒரு விரல் குறைவு. முகம் இருக்க வேண்டிய இடத்திலிருந்து மூச்சு வரவில்லை. அமுக்குப் பொத்தான்கள் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாக மூடின. டப். டப். டப். கடைசிப் பொத்தான் தாடைக்குக் கீழே. ஈரமான விரல்கள் அவள் காலரை நேராக்கின, கன்னத்தில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டன.

"வாக்கா," என்றது, அவள் குரலிலேயே, சளி பிடித்தாற்போல. "இனி விடியவே விடியாது. நல்லாத் தூங்கலாம்."

அது மறுபடி அவள் பின்னால் போனது. அவள் தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டு ஜன்னலைத் திறந்தது. வெளியே தெரு இல்லை. நாலாவது மாடி ஜன்னலின் விளிம்புவரை கறுப்புத் தண்ணீர் ஏறி நின்றது, அதன்மேல் பனிப்பாளங்கள் ஒன்றோடொன்று மெல்ல முட்டிக்கொண்டிருந்தன. பாளங்களுக்கு நடுவே, கண்ணுக்கெட்டிய தூரம்வரை, சிவப்புக் கோட்டுகள் மல்லாந்து மிதந்தன. எல்லாம் இரண்டு இரண்டாக, கைகோத்தபடி.