ஹம்சாவின் பத்து நாள் ஒப்பந்தம்

மிதுலன் டொரொன்டோவுக்குப் போகிறான் என்ற செய்தி, மிதுலனுக்குத் தெரிவதற்கு முன்பே எனக்குத் தெரியும்.

லண்டன் குட்மேய்ஸ் மரக்கறிக் கடையில் அவனுடைய அம்மா முருங்கைக்காயை வளைத்துப் பார்த்தபடி போனில் கதைத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஒட்டுக் கேட்கவில்லை. காது திறந்திருந்தது, அவ்வளவுதான். சொந்தக்காரர் கல்யாணமாம். அடுத்த வாரம் புறப்பட்டு இரண்டு கிழமைப் பயணமாம்.

சக்கரம் வைத்த என் கடைப் பையை இழுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன். தெருமுனையில் மயூரா பந்து தட்டிக்கொண்டிருந்தாள். வயது பதினொன்று. பந்து இல்லாமல் அவளைப் பார்த்தவர்கள் குறைவு.

"பிள்ளை, உன்ர மிதுலன் டொரொன்டோவுக்குப் போறான்" என்றேன்.

"சும்மா சொல்லாதேங்கோ பியற்றிஸ் ஆன்ரி! வாற சனிக்கு அடுத்த சனி மெட்ச். அவன் எனக்கு ஒண்டும் சொல்லேல்லையே!"

"அவனுக்கே இன்னும் தெரியாது."

மயூராவின் முகம் காற்றுப் போன பந்து மாதிரி ஆனது. காரணம் இருக்கிறது. வால்தம்ஸ்டோவில் வருடா வருடம் தமிழ்ப் பள்ளிகளுக்கிடையே கூடைப்பந்துப் போட்டி நடக்கும். மூன்று பேர் ஆடும் ஆட்டம். ஒரு பள்ளியிலிருந்து ஓர் அணிதான் போகலாம். செவன் கிங்ஸில் இருக்கும் எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் இரண்டு அணிகள். ஒன்றுக்கு மயூரா தலைவி, மற்றதற்கு யதுசன் தலைவன். இரண்டும் மோதும், வென்றது போகும். இரண்டு வருடமாக யதுசன்தான் போய் வருகிறான். போய் வந்த படங்களை எல்லோருக்கும் அனுப்பியும் வைக்கிறான்.

இந்த வருடமும் அணிக்கு ஆள் பிரிக்கும் நாளில் ஐந்து பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். காசைச் சுண்டியதில் யதுசன் வென்றான். மயூராவும் அவனும் மாறி மாறிப் பெயர் கூப்பிட்டார்கள். அவன் றொஷானையும் பிரியந்தனையும் எடுத்துக்கொண்டான். இருவரும் ஏணி இல்லாமல் பல்ப் மாற்றக்கூடியவர்கள். மயூராவுக்குக் கௌசிக்கும் மிதுலனும்.

ஐந்தாவதாக நின்ற பெண்ணை யாரும் கூப்பிடவில்லை. பெயர் ஹம்சா. சென்னையிலிருந்து வந்த குடும்பம். அம்மா டாக்டர், அப்பா ராம்கிக்குக் கம்ப்யூட்டர் வேலை. எங்கள் தெருவில் பச்சைக் கதவு வீடு. வேறு விபரம் இப்போதைக்குத் தேவையில்லை.

"சரி பிள்ளை, நீர் எல்லாற்ற தண்ணிப் போத்தலையும் பார்த்துக்கொள்ளும்" என்றார் தமிழ்ப் பள்ளி யோகலிங்கம் மாஸ்ரர். ஹம்சாவும் சமத்தாகப் பார்த்துக்கொண்டாள்.

அடுத்த நாள் மயூராவும் கௌசிக்கும் என் வீட்டு மதிலில் உட்கார்ந்து அவசரக் கூட்டம் நடத்தினார்கள். என் மதிலில் உட்கார்ந்தால் நான் கேட்கத்தானே வேண்டும்?

"ரெண்டு பேரோட விளையாட ஏலாது. முடிஞ்சுது கதை" என்றான் கௌசிக்.

"முடியேல்லை" என்றாள் மயூரா. "அமெரிக்காவில பெரிய கூடைப்பந்து ரீம் எல்லாம் வருசத்துக்கு ஒருக்காப் புது ஆக்களைப் பெயர் சொல்லி எடுப்பினம். கிட்டத்தட்ட அறுபது பேர்தான். மிச்ச ஆக்கள் என்ன, வீட்டுக்குப் போய்ப் படுக்கினமா? சின்ன ரீம்களில விளையாடுவினம், வேற நாட்டுக்குப் போய் விளையாடுவினம். பெரிய ரீம்கள் அங்கயெல்லாம் ஆள் அனுப்பிப் பார்க்கும். நல்ல ஆள் எண்டால் பத்து நாளைக்கு ஒப்பந்தம் போட்டுக் கூப்பிடும்."

"நாங்கள் ஆரை அனுப்புறது?"

"என்னை."

மயூரா அனுப்பப்பட்டாள். திங்கட்கிழமை பார்க்கில் தேடினாள். கிடைத்தது ஒரு நாயும், அதன் பந்தும். செவ்வாய்க்கிழமை மதியம் தன் பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றி வந்தாள். ஒரு மூலையில் பெண்கள் நெட்போல் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஊரில் நாங்கள் வலைப்பந்து என்போம். அந்த மூலையை மயூரா ஆறு வருடமாகத் தாண்டிப் போயிருக்கிறாள். ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. பந்தைத் தட்டிக்கொண்டு ஓடாத விளையாட்டெல்லாம் ஒரு விளையாட்டா என்பது அவளுடைய எண்ணம்.

அன்று நின்றாள்.

வளையத்தின் கீழே ஹம்சா. பந்தை வாங்கினாள், தலைக்கு மேலே தூக்கினாள், போட்டாள். உள்ளே. மறுபடி உள்ளே. மயூரா ஒன்பது வரை எண்ணினாள். அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. நெட்போல் வளையத்துக்குப் பின்னால் பலகையே கிடையாது! பலகையில் பட்டு அதிர்ஷ்டத்தில் விழும் கதையே இல்லை. நேராக வளையத்துக்குள் போட வேண்டும்.

கேட்டதும் ஹம்சா சம்மதித்தாள். புதன்கிழமை மாலை என் மதிலில் ஒப்பந்தம் தயாரானது. பேனா என்னுடையது. "ஹம்சா எங்கள் அணியில் 10 நாள் இருப்பாள். தினமும் பயிற்சிக்கு வருவாள்." மூவரும் தேதி போட்டுக் கையெழுத்திட்டார்கள். சாட்சிக்கு நான் போட்டேன். யாரும் கேட்கவில்லை. ஆனாலும் இடம் இருந்தது.

என் வீட்டெதிரே இருந்த கூடைக் கம்பத்தடியில் பயிற்சி தொடங்கியது. அதோடு தலைவலியும்.

தனியாக நிற்கும்போது ஹம்சா பத்துக்குப் பத்து போட்டாள். பக்கத்தில் யாராவது வந்தால் பந்து வளையத்தைத் தவிர மற்ற எல்லா இடத்துக்கும் போனது. ஒரு முறை என் ரோஜாச் செடிக்குள்ளும் போனது. பந்தைக் கையில் வாங்கினால் அவள் கால்கள் தானாக நின்றுவிடும். நெட்போலில் பந்தோடு ஓடக் கூடாது அல்லவா?

"தட்டு! தட்டிக்கொண்டு ஓடு!" என்று கௌசிக் கத்துவான். அவன் கத்தக் கத்த அவள் இன்னும் இறுகி நிற்பாள்.

"இது பழுதாப் போன சாமான்" என்று அவன் மயூராவிடம் முணுமுணுத்தான். அவனுடைய முணுமுணுப்பு ரயில் நிலையம் வரை கேட்கும்.

இப்படியே அடுத்த வார வெள்ளிக்கிழமையும் வந்தது. மறுநாள் ஆட்டம். அன்று கௌசிக் செய்த வேலை என்ன தெரியுமா? "எங்களிட்டையும் மூண்டாவது ஆள் இருக்கு" என்று ஒப்பந்தத்தைப் படம் எடுத்துப் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் போட்டான்.

யதுசனின் அப்பா வீடு விற்றுக் கொடுப்பவர். ஒப்பந்தத்தைக் கடைசி வரி வரை வாசிக்கும் குடும்பம் அது. ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது.

"போன கிழமை புதன் போட்ட கையெழுத்து. இண்டைக்குப் பத்தாவது நாள். நாளைக்கு அவ உங்கட ஆள் இல்லை."

மயூரா விரல் விட்டு எண்ணினாள். கையெழுத்துப் போட்ட நாளையும் சேர்த்தால் பத்து. அதை அவள் சேர்த்திருக்கவில்லை.

அதற்குள் யதுசன் பச்சைக் கதவைத் தட்டிவிட்டான். கையில் புதுச் சிவப்புச் சட்டை. குப்பைத் தொட்டியை வெளியே வைக்கப் போன எனக்கு எல்லாம் தெளிவாகக் கேட்டது.

"எங்கட ரீமுக்கு வாரும். முதல் மூண்டு பேரில ஒராள் நீர்தான். பிரியந்தன் மாற்று ஆளா இருப்பான். சட்டையில உம்மட பெயரும் அடிச்சுத் தருவன். வால்தம்ஸ்டோவுக்கு நாங்கள்தான் போவம், உமக்கே தெரியும்."

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள் ஹம்சா.

மயூராவும் கௌசிக்கும் தெருவில் ஓடி வந்தபோது நான் இன்னும் அதே குப்பைத் தொட்டியைத்தான் வைத்துக்கொண்டிருந்தேன்.

"பேனையைத் தாங்கோ ஆன்ரி!" கௌசிக் மூச்சு வாங்கினான். "பத்தில இருக்கிற சைபரை ஆறாக்கினால் பதினாறு நாள். சின்ன வால் ஒண்டுதான்!"

மயூரா பேனாவைப் பார்த்தாள். பிறகு பச்சைக் கதவைப் பார்த்தாள்.

"அவ நாளைக்கு எங்களோட விளையாட வேணும். எங்களுக்காக மாட்டுப்பட்டு நிக்கக் கூடாது" என்றாள். பேனா என்னிடமே திரும்பி வந்தது.

அவள் போய்க் கதவைத் தட்டினாள். கௌசிக்கும் பின்னால் போய் நின்றான்.

"ஹம்சா, ஒப்பந்தம் இண்டையோட முடியுது. நான் பிழையா எண்ணிப் போட்டன். நீ விரும்பின ரீமுக்குப் போகலாம். யதுசன்ர ரீம் நல்ல ரீம்தான். அது பொய் இல்லை."

ஹம்சா அவளை உற்றுப் பார்த்தாள். "இதைச் சொல்லத்தான் வந்தியா?"

"இன்னொண்டும் கேக்க வந்தனான். இவ்வளவு நாளும் நாங்கள் 'இப்பிடிச் செய், அப்பிடிச் செய்' எண்டு சொல்லிக்கொண்டே இருந்தம். உன்னட்டை ஒண்டும் கேக்கேல்லை. பந்தைக் கூடைக்குள்ள போட உனக்கு என்ன வேணும்?"

ஹம்சா சட்டென்று சொன்னாள். "மூணு அடி."

"என்ன?"

"நெட்பால்ல ஷூட் பண்ணும்போது எதிர் டீம் மூணு அடி தள்ளித்தான் நிக்கணும். அதுதான் ரூல். இங்க எல்லாரும் மூஞ்சிக்கு முன்னாடி வந்து கையை ஆட்டுறாங்க. எனக்கு வளையமே தெரிய மாட்டேங்குது. அப்புறம்..." அவள் கௌசிக்கைப் பார்த்தாள். "ஒருத்தர் கத்துறாங்க."

கௌசிக் தன் சப்பாத்துக் கயிற்றைக் கட்டக் குனிந்தான். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

மயூராவின் கண்கள் மின்னின. "கூடைப்பந்தில அப்பிடி ரூல் இல்லை. ஆனால் அந்த மூண்டு அடியை நாங்கள் செய்து தரலாம்! பந்து உன்னட்டை வந்தவுடனே நானும் கௌசிக்கும் உனக்கு முன்னால அசையாமல் நிப்பம், மதில் மாதிரி. ஓடுற வேலை எங்களுக்கு. போடுற வேலை உனக்கு."

"சிவப்புச் சட்டை தருவீங்களா?"

"இல்லை. என்னட்டைப் பழைய நீலச் சட்டைதான் இருக்கு. மிதுலன்ர. தோய்ச்சது."

ஹம்சா சிரித்துவிட்டாள். உள்ளே போய் ஒரு தாள் கொண்டு வந்து, படியில் உட்கார்ந்து தானே எழுதினாள். புது ஒப்பந்தம். முதல் வரி: "மூணு அடி." இரண்டாவது வரி: "கௌசிக் கத்தக் கூடாது." நாள் எழுத வேண்டிய இடத்தில், "வால்தம்ஸ்டோ முடியும் வரை."

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு என் கதவு தட்டப்பட்டது. மூன்று பேரும் நின்றார்கள். "ஆன்ரி, உங்கட கடைப் பை வேணும். தும்புத்தடியும் வேணும்" என்றாள் மயூரா.

என் பைக்குள், வீடு கூட்டும் தும்புத்தடியை நட்டு, அதன் தலையில் ஒரு துணியைக் கட்டி, "இதுதான் றொஷான்" என்றார்கள். உயரம் சரியாகத்தான் இருந்தது. கௌசிக் றொஷானைத் தள்ளிக்கொண்டு ஓடி வர, மயூரா குறுக்கே போய் நிற்க, ஹம்சா பின்னால் நின்று பந்து போட்டாள். பிறகு மயூரா தள்ளினாள், கௌசிக் நின்றான். றொஷான் இரண்டு முறை குப்புற விழுந்தான். பந்து மட்டும் தவறவில்லை.

பத்து மணிக்கு ஆட்டம். கூடைக்கு ஒரு புள்ளி, முதலில் பதினொன்று எடுப்பவர் வெற்றி. நான் தற்செயலாக அந்தப் பக்கம் போனேன், உட்கார ஒரு மடக்குக் கதிரையோடு.

ஆரம்பத்தில் யதுசன் அணி நான்குக்கு ஒன்று என்று முன்னால் போனது. பிறகு மதில் எழும்பியது. றொஷான் பாய்ந்து வருவான், முன்னால் மயூரா நிற்பாள். பிரியந்தன் சுற்றி வருவான், கௌசிக் நிற்பான். பின்னாலிருந்து ஹம்சா சாவகாசமாகப் பந்தை அனுப்புவாள், தபாற்பெட்டியில் கடிதம் போடுவது போல.

"மாஸ்ரர்! மயூரா மறிக்கிறா!" என்று யதுசன் முறைப்பட்டான்.

"அவ சும்மா நிக்கிறா. நீதான் போய் இடிக்கிறாய்" என்றார் யோகலிங்கம் மாஸ்ரர்.

பத்துக்குப் பத்து. அடுத்த கூடைதான் வால்தம்ஸ்டோ.

மயூரா பந்தோடு ஓடினாள். றொஷானும் பிரியந்தனும் அவளைச் சூழ்ந்தார்கள். அவள் குனிந்து, இருவர் கைகளுக்கும் கீழால் பந்தை ஹம்சாவிடம் அனுப்பினாள். ஹம்சா வாங்கினாள். கால்கள் நின்றன. எதிரே யதுசன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடி வந்தான். மயூரா வெகு தூரத்தில்.

கௌசிக் வாயைத் திறந்தான். "தட்டு" என்ற சொல் அவன் நாக்கு நுனிவரை வந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். அவன் வாயை மூடினான். ஓடினான். ஹம்சாவுக்கு முன்னால் போய், கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, தூண் போல நின்றான். யதுசன் அவனுடைய நெஞ்சில் மோதி நின்றான்.

மூன்று அடி. குறைந்தால் அரை அங்குலம் குறைந்திருக்கும்.

ஹம்சா பந்தைத் தலைக்கு மேலே தூக்கினாள். போட்டாள். பந்து பலகையையும் தொடவில்லை, வளையத்தையும் தொடவில்லை. வலை மட்டும் ஒருமுறை குலுங்கியது.

சத்தம் அடங்கியதும் யதுசன் வந்தான். தோற்ற முகம்தான், ஆனாலும் கை கொடுத்தான். "அந்தப் புது ஒப்பந்தம் எத்தனை நாளைக்கு?" என்று ஹம்சாவிடம் கேட்டான்.

"வால்தம்ஸ்டோ முடியும் வரைக்கும்."

"அதுக்கு அடுத்த நாள் காலமை கதவைத் தட்டலாமா?"

"தட்டலாம். முதல்ல மூணு அடி தள்ளி நின்னு பேசு" என்றாள் ஹம்சா.

அன்று மாலை என் கதவு மறுபடி தட்டப்பட்டது. மயூராவின் கையில் ஒரு தாள். வால்தம்ஸ்டோவில் றொஷானைவிட உயரமான ஆட்கள் வருவார்களாம், கடும் பயிற்சி வேண்டுமாம். ஆகவே என் கடைப் பைக்கும் தும்புத்தடிக்கும் பத்து நாள் ஒப்பந்தம். இந்த முறை நாளைச் சரியாக எண்ணியிருந்தாள்.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பத்து நாளும் உருளைக்கிழங்கை நான் கையில்தான் தூக்கி வந்தேன். கடையில் யாராவது ஏன் என்று கேட்டால், "என்ர பை பயிற்சிக்குப் போயிருக்கு" என்பேன், கொஞ்சம் சத்தமாகவே.