பதினோராவது செந்தொலி

பத்தாவது மரமும் செத்துத்தான் நின்றது.

எஸ்தர் வரைபடத்தில் இன்னொரு சிவப்புப் புள்ளியின் மேல் பேனாவால் குறுக்குக் கோடு போட்டாள். இருபது ஆண்டுகளுக்கு முன் பொதிகை மலையின் மழைக்காட்டைக் கணக்கெடுத்தவர்கள் வரைந்த படம் அது. மொத்தம் பதினொரு புள்ளிகள். ஒவ்வொன்றும் ஒரு செந்தொலி மரம். அடிவாரத்தில் காட்டு மரங்களுக்கென நாற்றங்கால் நடத்தும் அவள், அதன் விதையைத் தேடி ஐந்து நாட்களாக நடந்துகொண்டிருந்தாள். ஏழெட்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் செந்தொலி காய்க்கும். இது காய்க்கிற ஆண்டு.

வழிகாட்டியாக வந்த மல்லன் காணி பட்டையைக் கத்தியால் சுரண்டிப் பார்த்தார். அந்தச் சரிவிலேயே பிறந்து வளர்ந்தவர்.

“இதுவும் காஞ்சுதான் செத்திருக்கு. முன்னெல்லாம் கோடையிலயும் காலையில இங்க மூடுபனி நிக்கும். இப்ப ஒம்பது மணிக்கே வெயில் சுள்ளுனு அடிக்கு.”

“சுத்தி இத்தனை மரம் பச்சையா நிக்குதே அண்ணாச்சி?” என்றான் பீர் முகம்மது. நாற்றங்காலில் அவளோடு வேலை பார்ப்பவன், நல்ல பலசாலி.

“எல்லாம் வேற வேற மரம்லா. ஒரு செந்தொலியப் பாத்துட்டு அடுத்ததைப் பாக்க அரை நாள் நடந்தோமே. ஒண்ணு செத்தா, பக்கத்துல விதை போட இன்னொண்ணு கிடையாது.”

பதினோராவது புள்ளி ஆற்றுக்கு அக்கரையில் இருந்தது. முழங்கால் அளவுதான் தண்ணீர். ஆனால் மேற்கே வானம் கறுத்துக் கிடந்தது.

“மேல மழை பெய்யுது. தாண்டிட்டா திரும்ப இந்த வழி கிடையாது. மலை முகட்டைச் சுத்தி ரெண்டு நாள் நடக்கணும்” என்று எச்சரித்தார் மல்லன்.

எஸ்தர் மனதுக்குள் கணக்குப் போட்டாள். செந்தொலி விதையைக் காயவைத்துச் சேமிக்க முடியாது. பறித்த நான்கு நாளில் மண்ணுக்குள் போகாவிட்டால் செத்துவிடும்.

“போவோம்” என்றாள்.

அவர்கள் கரையேறியபோதே தண்ணீர் இடுப்பளவு வந்துவிட்டது. அரை மணி நேரத்தில் பின்னால் வெள்ளத்தின் இரைச்சல் கேட்டது.

மரம் உயிரோடு இருந்தது. கிளைகளில் காயும் இருந்தது. ஆனால் மண் சரிந்து, பாதி வேர் வெளியே தொங்க, பள்ளத்தாக்கின் மேல் சாய்ந்து நின்றது. கீழே கிடந்த காய்களைப் பீர் ஒவ்வொன்றாகப் பிளந்து பார்த்தான். எல்லாவற்றிலும் புழு.

“நான் ஏறுதேன்” என்றார் மல்லன்.

“உங்க கனத்தை இது தாங்காது அண்ணே. நம்மள்ல நான்தான் லேசு” என்றாள் எஸ்தர்.

பக்கத்து மரத்தில் கயிற்றைச் சுற்றி, மறுமுனையைப் பீர் இழுத்துப் பிடித்துக்கொண்டான். எஸ்தர் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறினாள். முதல் கிளையில் பறித்த காய்கள் துணிப்பையின் அடியைத்தான் மூடின. இரண்டு முழம் தள்ளி, பள்ளத்துக்கு நேர் மேலே, பெரிய கொத்து ஒன்று தொங்கியது. அவள் அதை நோக்கி நகர்ந்தாள்.

கீழே ஏதோ பட்டென்று முறிந்தது. மரம் ஒரு சாண் இறங்கியது.

“வேர் அறுதும்மா. எறங்கிரு” என்றார் மல்லன்.

“இன்னும் ஒரே ஒரு கொத்து அண்ணே.”

“நீ அந்தக் கொத்துக்குப் போனா மரமும் போகும், நீயும் போவ.”

நீட்டிய கைக்கு ஒரு சாண் தள்ளிக் கொத்து ஆடிக்கொண்டிருந்தது. எஸ்தர் அதைப் பார்த்தபடியே பின்னுக்கு நகர்ந்து இறங்கினாள். தரையில் கால் பட்டதும் உட்கார்ந்து அழுதாள். பயத்தாலா, விட்டுவந்த காய்களுக்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை. பீர் அவள் இடுப்புக் கயிற்றை அவிழ்த்தான்.

முப்பத்திநான்கு விதைகள் தேறின. ஈரப் பாசியில் பொதிந்து, காட்டுவாழை இலையில் கட்டி, முகட்டு வழியே கொட்டும் மழையில் நடந்தார்கள். வழுக்கிய இடங்களில் பையைத்தான் முதலில் கை மாற்றினார்கள். மூன்றாம் நாள் மதியம் நாற்றங்கால் வாசலில் வந்து விழுந்தபோது மூவர் காலிலும் அட்டைக் கடி. குளிக்கக்கூடப் போகாமல் எல்லா விதையையும் ஊன்றிவிட்டுத்தான் சோறு தின்றார்கள்.

பன்னிரண்டு முளைத்தன. ஆடி மாதக் காற்றில் அந்த மரம் விழுந்துவிட்டதாக மல்லன் வந்து சொன்னார்.

மறு ஆண்டு மழை தொடங்கியதும் கன்றுகளைச் சுமந்துகொண்டு மூவரும் மீண்டும் மலையேறினார்கள். பழைய புள்ளிகளில் நட வேண்டாம், அங்கே ஈரம் தங்காது என்று மல்லன் முன்பே சொல்லியிருந்தார். முகட்டுக்குக் கீழே நான்கு, வடக்கே ஒரு நிழல் சரிவில் நான்கு, ஓடைக்கரையில் நான்கு என்று எஸ்தர் பிரித்தாள்.

“இதுல எந்த எடத்துக் கன்னு பிழைக்கும்க்கா?” என்று கேட்டான் பீர்.

“தெரியல பீர். அதான் மூணு எடம்” என்று சொல்லி, முதல் குழியைத் தோண்டினாள்.